ஆகாயத்தைப் பார்க்கும் உரிமை

விண்வெளித் தொலைநோக்கி பற்றிச் செய்தி வந்தால் போதும், சிதம்பரம் பக்கத்தில் யாராவது சொல்லிவிடுவார்கள்: "இதெல்லாம் நம்ம கோயில்லயே இருக்குதுங்க. ஆகாய லிங்கம்னா என்ன?" 1975இல் வந்த காப்ராவின் நூலும், 2004இல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் வைக்கப்பட்ட நடராசர் சிலையும் இந்தப் பேச்சுக்குச் சான்றிதழாகிவிட்டன. இந்தச் சொல்லாடல் எதை மறைக்கிறது என்பதே என் கேள்வி.

காமா கதிர் வெடிப்பை ஞானதிருஷ்டியால் யாரும் காணவில்லை. 1963 ஒப்பந்தத்தை மீறி யாராவது அணுகுண்டு வெடிக்கிறார்களா என்று வேவு பார்க்க அமெரிக்கா ஏவிய வேலா செயற்கைக்கோள்களில், 1967 ஜூலை 2 அன்று அது பதிவானது. ஆய்வாகக் கட்டுரையில் வெளிவந்தது 1973இல். பெரும் விண்மீன் நொறுங்கும்போதோ, இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதும்போதோ எழும் கதிர் இது. காற்றுமண்டலம் அதைத் தடுத்துவிடும்; கருவி மேலே போயே ஆகவேண்டும். 2009 ஏப்ரல் 23 அன்று ஸ்விஃப்ட் தொலைநோக்கி பிடித்த வெடிப்பு, பிரபஞ்சத்துக்குச் சுமார் 63 கோடி வயதானபோது நிகழ்ந்தது. 2015 செப்டம்பர் 28இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன அஸ்ட்ரோசாட்டின் ஒரு கருவி, இயக்கிய முதல் நாளே, அக்டோபர் 6 அன்று, ஒரு வெடிப்பைப் பதிவு செய்தது.

தமிழ் இலக்கியம் படித்தவன் என்பதால் குறியீட்டின் வலிமை எனக்குத் தெரியும். திரையை விலக்கினால் பொன் வில்வ மாலை தொங்கும் வெறுவெளி: சாதாரணக் கற்பனை இல்லை. ஆனால் அந்த வெளியின் முன் நிற்க நந்தன் தீயில் இறங்க வேண்டியிருந்தது என்பதையும் அதே மரபுதான் சொல்கிறது. ஆகாயம் பொது, அதைப் பார்க்கும் இடம் பொது இல்லை. குறியீட்டை யாரும் பொய்ப்பிக்க முடியாது. அளவீட்டைத் தப்பென்று இன்னொருத்தர் காட்டிவிடலாம். அதன் ஜனநாயகம் அங்கேதான் இருக்கிறது.

அதற்காக விஞ்ஞானம் பரிசுத்தமானது என்றும் நான் சொல்லவரவில்லை. வேலாவின் கண் ராணுவத்தின் கண். கருவி யார் கையில் இருக்கிறது என்பது எப்போதும் அரசியல்தான். இதே மாவட்டத்தில், கடலூர் சிப்காட்டை ஒட்டிய கிராமத்து மக்கள் 2004இல் வாளியில் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். மூக்குக்குத் தெரிந்த நாற்றம் அப்புறம்தான் ஆவணமானது. வேலாவும் அளந்தது, வாளியும் அளந்தது. யாருக்காக என்பதில்தான் வித்தியாசம்.

"எங்களுக்கு அன்னிக்கே தெரியும்" என்கிறவர் அளக்க வேண்டிய தேவையையே ஒழித்துவிடுகிறார். அவருக்குக் கைதட்டுகிற நம் மேடைகளில் வேறொன்றைக் கேட்கலாம்: அஸ்ட்ரோசாட்டின் தரவுகள் 2018இலிருந்து பொதுவில் கிடைக்கின்றன. சிதம்பரத்தில், கடலூரில் படிக்கிற ஒரு பிள்ளைக்கு அதை வாசிக்கக் கற்றுத்தரப் போவது யார்?