‘தேக்கம்’ என்னும் சொல்லும் மணற்கல்லும்

புவிச்சரிதவியலைத் தமிழில் எழுதுவோர், எண்ணெயும் வாயுவும் தங்கியிருக்கும் பாறையைத் ‘தேக்கம்’ என்றும், அதனை நோக்கி இடப்படும் துளையைக் ‘கிணறு’ என்றும் வழங்குவர். இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்களே. ஆயினும் அவை படிப்போர் மனத்தில் எழுப்பும் காட்சி பிழையானது.

இணுவிலில் வாழும் ஒருவருக்குத் தேக்கம் என்றதும் இரணைமடுக்குளம் நினைவில் எழும். கிணறு என்றதும் செம்மண்ணின் கீழுள்ள சுண்ணாம்புக்கல்லை உடைத்து இறக்கிய தோட்டக்கிணறு தோன்றும். மயோசீன் காலத்துக்குரிய அக்கல்லை மழைநீர் கரைத்துக் கரைத்து வெடிப்புகளையும் குகைகளையும் ஆக்கியுள்ளது. புத்தூர் நிலாவரையும் அவ்வாறு தோன்றியதே. நிலத்தின்கீழ் நீர் திரண்டு நிற்கும் என்பது யாழ்ப்பாணத்தவருக்குக் கற்பனையன்று, அனுபவம். அவ்வனுபவமே மணற்கல்லை விளங்கிக்கொள்ளத் தடையாகின்றது.

மணற்கல்லில் அத்தகைய குகைகள் இல்லை. மணிகளுக்கிடையே எஞ்சிய நுண்ணிய இடைவெளியே அதன் கொள்ளிடம். ஒரேயளவான உருண்டைகளை மிக நெருக்கமாக அடுக்கினும் கனவளவில் 26 வீதம் வெறுமையாகும். இயற்கையிலோ சிறுமணிகள் பெருமணிகளின் இடையை அடைக்கும். ஆழம் மிகுந்தவிடத்துக் குவாட்சு படிந்து மணிகளைப் பிணைக்கும். 20 வீதம் எஞ்சினாலே நல்ல பாறை எனலாம். இடைவெளிகள் இருந்தால் மட்டும் போதாது. அவை ஒன்றோடொன்று தொடர்புற்றிருத்தலும் வேண்டும். சிறிதளவு களியும் அத்தொடர்பைக் கெடுத்துவிடும். நுண்டுளைமை வேறு, உட்புகவிடுமியல்பு வேறு என்பது இதனாலேயே. இவ்விரண்டையும் அடுத்தடுத்த வரிகளில் வரையறுத்துவிட்டு அப்பாற் செல்லும் பாடக்குறிப்புகளால் மாணவர் பெறுவது இரு சொற்களேயன்றி வேறுபாடன்று.

அவ்விடைவெளிகளில் முன்னரே நீர் நிறைந்திருக்கும். நீரிலும் பாரங்குறைந்த எண்ணெயும் வாயுவும் மேலெழுந்து, களிப்பாறை மூடியின்கீழ் அகப்படுகின்றன. இவ்வமைப்புக்கு வழங்கும் ‘பொறி’ என்னும் பெயர் மெச்சத்தக்கது. நிகழ்வதை அது உள்ளபடி சொல்லுகின்றது.

இது வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. 1970களில் சோவியத் உதவியுடன் பேசாலையில் துளைத்தும் வணிகப் பயனுடைய எண்ணெய் கிடைக்கவில்லை. 2011இல் மன்னார் வடிநிலத்தில், 1300 மீற்றருக்கு மேற்பட்ட கடலாழத்தில், கெயான் நிறுவனம் துளைத்த ‘டொராடோ’ கிணற்றிலே, மணற்கல்லில் ஏறத்தாழ 25 மீற்றர் தடிப்புக்கு வாயு காணப்பட்டது. ‘தேக்கம்’ என்ற காட்சியோடு இதனைப் படிப்பவர் 25 மீற்றர் ஆழமான வாயுக்குளம் ஒன்றையே காண்பார். அப்பாறை எவ்வளவு பரந்தது, அதன் துளைகளில் நீரின் பங்கு யாது, அத்தனை ஆழக்கடலில் எடுக்கும் செலவுக்கு விலை ஈடாகுமா என்னும் வினாக்கள் அவருக்குத் தோன்றா. 2015இல் அந்நிறுவனம் விலகியபோது, நிரம்பிய குளத்தை யாரோ மறைத்துவிட்டனர் என அவர் ஐயுறுவதற்கும் இடமுண்டு.

மானிப்பாயில் மருத்துவர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த நாடு இது. சொற்பஞ்சம் என்று சாக்குச் சொல்வதற்கில்லை. ‘கொள்பாறை’ எனினும் அமையும். பாடத்தைத் தொடங்குமுன் ஆசிரியர் ஒரு குடத்தில் மணலை நிரப்பி நீரூற்றி, அடியில் துளையிட்டுக் காட்டலாம். ஊற்றிய நீர் முழுவதும் வெளிவராது. மணிகளைப் பற்றிக்கொண்டு ஒரு பங்கு உள்ளேயே நிற்கும். மணற்கல்லிலும் எண்ணெயின் பெரும்பகுதி அவ்வாறே எஞ்சிவிடுகின்றது.