ஏறி இறங்கும் நீர்

சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்கு அருகே ஓடும் ரோச்சோர் கால்வாயின் மழைநீர், 2008இல் திறக்கப்பெற்ற மரினா அணைக்கட்டை வந்தடையும்போது, கடல் தாழ்ந்திருந்தால் ஒன்பது எஃகுக் கதவுகள் அதற்கு வழிவிடுவதையும், கடல் உயர்ந்திருந்தால் ஏழு பேரியந்திரங்கள் அதனை இறைத்து வெளியேற்றுவதையும் நினைக்குந்தோறும், என் மனம் ஆனைமலையிலுள்ள காடம்பாறைக்குச் சென்றுவிடுகிறது.

அங்கே, பாறையின் கர்ப்பத்தைக் குடைந்து அமைத்த மின்நிலையத்தில், ஒவ்வொன்றும் 100 மெகாவாட் ஆற்றலுடைய நான்கு யந்திரங்கள், ஊர் உறங்கி மின்சாரம் மிஞ்சும் நடுநிசியில் மேல் ஆழியாற்று நீரைக் காடம்பாறை அணைக்கு ஏற்றிவைத்து, அந்தியில் வீடுதோறும் விளக்கெரியும் வேளையில் அதே நீர் இறங்கிவர, மறுதிசையில் சுழன்று மின்சாரத்தைத் திருப்பித் தருகின்றன. இறைப்பவனே பாய்ச்சுபவனும் ஆகிற இந்த யந்திரத்தின் அழகுக்கு ஈடாக வேறொன்றை நான் அறியேன். இத்தகைய நிலையங்களில் ஏற்றச் செலவான சக்தியில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நஷ்டமாவது மெய்யே. ஆயினும், வேண்டாத வேளையின் மிகுதியை வேண்டும் வேளைக்குக் காத்துவைக்கும் விவேகத்துக்கு அது அதிக விலையன்று.

சிங்கப்பூருக்கு அத்தகைய மலை வாய்க்கவில்லை. புக்கிட் தீமாவின் சிகரமே 164 மீட்டருக்கு மேற்படாது. ஆகவே இங்கே அந்தச் சேமிப்பு வேலையை, 2023இல் ஜூரோங் தீவில் திறக்கப்பெற்ற மின்கலத் தொகுதி செய்துவருகிறது.