சிறப்புப்பாயிரமும் ஈழத்துப் புது நூல்களும்

நூலொன்றைப் பிறர்க்கு எடுத்துரைக்கும் முறைக்கு நம் முன்னோர் இலக்கணமே வகுத்து வைத்தனர். சிறப்புப்பாயிரம் பற்றி நன்னூலார் கூறும் விதிகளை மாணவர் நெட்டுருப் பண்ணுவதுண்டு. அவை புத்தகக் கடை வாயிலில் நின்று தயங்குவோனுக்கும் பயன்படுவன என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஆசிரியன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டையும் பாயிரம் தெரிவித்தல் வேண்டும். பாயிரம் செய்தற்கு உரியோரும் கூறப்பட்டுள்ளனர்: நூலாசிரியனுக்குக் கற்பித்தவர், அவனோடு உடன்கற்றவர், அவன்பாற் கற்றவர், தகுதி வாய்ந்த உரைகாரர். இக்கால வெளியீட்டு விழாக்களில் முதல் மூவரும் தவறாது மேடையேறுகின்றனர். எட்டுப் பொருளில் ஆறினை நூலின் அட்டையே சொல்லிவிடுகின்றது. எஞ்சிய கேட்போரையும் பயனையும் பற்றிப் பேசுவாரைத்தான் காணோம்.

இவ்விரண்டையும் மறவாத ஒருவர் வலிகாமம் வடக்கிலே வாழ்ந்தார். குரும்பசிட்டியிற் பிறந்த இரசிகமணி கனக செந்திநாதன் (1916–1977) தொழிலால் ஆசிரியர். அன்பர்கள் அவரை நடமாடும் நூல்நிலையம் என்றே வழங்கினர். அதே ஊரவரான நா. பொன்னையா 1930இல் தொடங்கிய ‘ஈழகேசரி’யில் ஈழத்து எழுத்தாளரை ஒருவர்பின் ஒருவராக வாசகருக்கு அறிமுகஞ் செய்தார், 1964இல் ‘ஈழத்து இலக்கிய வளர்ச்சி’ என்னும் நூலைத் தந்தார். அவர் முறை இரசனை முறை. பாராட்டு மிகுந்தும் கண்டனம் குறைந்தும் நிற்பது அதன் குறையெனலாம். ஆயினும், இந்நூல் இன்னாருக்கு உகந்தது என்று தெரிந்து கையிற் கொடுக்கும் கலையிலே அவருக்கு நிகரானவர் நம்மிடையே மிகச் சிலர்.

இன்று கீரிமலையில் நூல் தேடும் இளைஞனைக் கேட்போனாகக் கொள்வோம். அவன் நிலை செந்திநாதன் காலத்து வாசகன் நிலையினின்றும் வேறுபட்டது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். அவ்வாண்டே நகுலேசுவரர் கோயில் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. உயர்பாதுகாப்பு வலயமாகிய ஊர்களுக்கு மக்கள் மீள்வதற்குப் பல்லாண்டுகள் சென்றன. இன்னும் மீளாத காணிகளும் உள. திரும்பிவந்தோர் கண்டவை கூரையற்ற சுவர்கள். பாட்டன் அடுக்கி வைத்திருந்த புராண ஏடுகளும் பழைய நாவல்களும் அச்சுவர்களுக்குள் இருந்தில. ஆகலின், இவ்விளைஞனுக்கு ஊரைப் பற்றிய அறிவு வாய்மொழியாகவும் புது நூல்கள் வாயிலாகவுமே வருகின்றது. ஆடியமாவாசையன்று கீரிமலைக் கரையிற் பிதிர்க்கடன் செய்வோரிற் சிலர், உடலும் காணப்பெறாத தம்மவர்க்காக எள்ளும் நீரும் இறைக்கின்றனர். அத்தகைய ஊரில் ஒரு நாவலைப் பரிந்துரைத்தல் பொழுதுபோக்குக்கு வழிகாட்டுவதன்று.

துயரை எழுதிய நூல்கள் யாவற்றையும் நல்ல நூல்கள் என்று கொள்ளும் மனப்பாங்கு 2009இன் பின் நம் விமரிசனத்திற் பரவிவிட்டது. நிகழ்ந்ததையே எழுதினார் என்பது நாவலாசிரியருக்குப் பாராட்டாகாது. பட்டவர் எழுதினார் என்பது சாட்சி நூலை வினாவினின்றும் காப்பதுமில்லை. எனவே புனைகதையொன்றையும் அதே பொருளைத் தொட்ட பிறவகை நூலொன்றையும் இணைத்துக் கற்குமாறு கூறுவதே தக்கதென்பது எம் கருத்து. ஒன்றின் குறையை மற்றது காட்டிக்கொடுக்கும்.

முதலில் வைக்கத்தக்க இணை சயந்தனின் ‘ஆதிரை’யும் (2015) தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ என்னும் தன்வரலாறும் (2016) ஆம். ‘ஆதிரை’ வன்னிக் காட்டோரக் குடிகளின் கதை. இனக்கலவரங்களால் மலையகத்தினின்றும் துரத்தப்பட்டு வன்னியிற் குடியேறிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் அதிலே நடுநாயகமாய் நிற்கின்றன. இடம்பெயர்ந்தோர் என்னுஞ் சொல்லைக் குடாநாட்டார் தமக்கே உரிய சொத்தாக்கிக் கொண்டிருக்கையில், நமக்கு முன்னரே இடம்பெயர்ந்து, காணியுறுதியும் உறவின் வலியும் இன்றி யுத்தத்தின் முன்வரிசையிலே தள்ளப்பட்டோரை இந்நாவல் காட்டுகின்றது. போரின் சுமை எல்லார் தோளிலும் ஒத்த அளவில் ஏறவில்லை என்பதை எந்தக் கட்டுரையும் இத்துணை ஆழமாக நெஞ்சிற் பதிக்கவில்லை. பாத்திரங்கள் பெருகி, யார் எவர் மகன் என்று பின்னோக்கிப் புரட்ட வேண்டியிருப்பது உண்மையே. சில இடங்களிற் பாத்திரத்தின் வாயால் ஆசிரியரே பேசுகின்றார் என்னும் ஐயமும் எழும். ஆனால் இறுதிப்பகுதியில், இயக்கத்துக்குப் பிள்ளையை இழுத்துச் செல்லும்போது தாய் கொள்ளும் கோபத்தையும் அதே தாய் இயக்கத்தின் மேல் வைத்திருந்த பற்றையும் ஒருங்கே நிறுத்துகின்ற துணிவு பெரிது.

அக்கதையிற் படலைக்கு வெளியே நிற்பவர்களின் பக்கத்திலிருந்து எழுந்த குரல் தமிழினியுடையது. பரந்தனிற் பிறந்து, விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியற்றுறைக்குப் பொறுப்பாயிருந்து, போர் முடிவிற் சரணடைந்து, சிறையும் புனர்வாழ்வு முகாமும் கண்டவர். 2015 அக்டோபரிற் புற்றுநோயால் மறைந்தார். நூல் அவர் மறைவின் பின்னரே வெளிவந்தது. அது முழுவதும் அவர் கையெழுத்துத்தானா என்னும் சர்ச்சையும் உடன் பிறந்தது. ஒருசாரார் துரோகம் என்றனர். மற்றொருசாரார் அதனைத் தம் கட்சிக்கு ஆயுதமாக்கினர். இருசாராருள்ளும் நூலைப் பொறுமையாய்க் கற்றோர் எத்துணையர் என்பது ஐயத்துக்குரியது. தம் பங்கினை மறையாது, தாம் சொன்னதை நம்பிப் புறப்பட்ட பிள்ளைகளை நினைந்து எழுதும் பகுதிகளே இந்நூலின் உயிர். விரைந்து கடந்துபோகும் இடங்களும், வாய் திறவாது விட்ட இடங்களும் உள. அவ்விடங்களில் ‘ஆதிரை’யைத் திறந்து வைத்துக்கொள்ளல் நன்று.

ஷோபாசக்தியின் ‘ம்’ (2004) 1983 ஜூலையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்ட வெலிக்கடைச் சிறையைத் தொடுவது. கூர்மையான நகைச்சுவையும் அருவருப்பூட்டும் உண்மையும் கலந்த நடை. முதிர்ந்த வாசகருக்கே உரியது. அதனோடு சி. புஷ்பராஜாவின் ‘ஈழப்போராட்டத்தில் எனது சாட்சியம்’ (2003) செல்லட்டும். 1970களின் இளைஞர் இயக்கங்கள் முளைத்த விதத்தை அறிய விரும்புவோர் அதனை விலக்க இயலாது. நடையழகை அதிலே தேட வேண்டா.

இனி, ஊருக்கு மிக அணித்தான செய்தி. கீரிமலைக்கு அயலேயுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே 1968இல் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டத்தை இப்பகுதி இளைஞர் பலர் கேட்டும் அறியார். போர்க்கால இழப்பைப் பேசும் நாம் அதற்கு முந்திய யாழ்ப்பாணத்தைப் பொற்காலமாக வருணிப்பதற்குப் பழகிவிட்டோம். அவ்வருணனைக்கு மாற்று மருந்து கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972). புதிய நூலன்று, எனினும் புது நூல்களைச் சரியாகக் கற்பதற்கு இது வேண்டும். கலையமைதி குறைந்ததென்று பண்டிதர் பலர் ஒதுக்கிய நாவல் அது. பேச்சுமொழியும் வசையும் கரடுமுரடாய்க் கிடக்கும். அக்கரடு வாழ்க்கையிற் கிடந்தது. இணைநூலாக வெகுஜனன், இராவணா இருவரும் எழுதிய ‘இலங்கையில் சாதியமும் அதற்கெதிரான போராட்டங்களும்’ என்பதைக் கொள்க. கட்சிச் சார்பு வெளிப்படையானது. செய்திகளோ வேறெங்கும் எளிதிற் கிடையாதவை.

ஆங்கிலம் கற்போருக்கு வி. வி. கணேசானந்தனின் ‘பிரதர்லெஸ் நைட்’ (2023) கட்டாயம். 2024ஆம் ஆண்டு பெண்களுக்கான புனைகதைப் பரிசை வென்ற இந்நாவலின் களம் எண்பதுகளின் யாழ்ப்பாணம். கதை சொல்பவள் மருத்துவ மாணவி. அதிலே வரும் ஆசிரியை ஒருத்தியிடம் 1989 செப்தெம்பர் 21இற் சுட்டுக்கொல்லப்பட்ட வைத்திய கலாநிதி ராஜினி திராணகமவின் சாயல் தெளிவு. ராஜினி உள்ளிட்ட நால்வர் எழுதிய ‘முறிந்த பனை’ தமிழிலும் உண்டு. அதனை முதலிற் கற்றுப் பின்னர் நாவலுக்கு வருவதே முறை. மறுதலையாகச் சென்றால் நாவலின் ஒளியில் ஆவணம் மங்கித் தோன்றும்.

துணையின்றிக் கையிற் கொடுக்க யாம் விரும்பாத நூலும் ஒன்றுண்டு. வாசு முருகவேலின் ‘ஜெப்னா பேக்கரி’ (2017) 1990இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதைச் சூழ்ந்த காலத்தைப் பொருளாகக் கொண்டது. முஸ்லிம் மக்களைக் காட்டிய முறைக்காகக் கடுங்கண்டனத்துக்கும் ஆளாயிற்று. எழுத்தாற்றல் இல்லையென்பதற்கில்லை. ஆயினும், ஒரு சமூகம் முழுவதன் மீதும் ஐயத்தின் நிழல் விழுமாறு கதை அமைவதை ஆற்றல் என்று ஏற்றல் இயலாது. இந்நாவலைக் கற்போர், வெளியேற்றப்பட்டோரின் வாக்குமூலங்களைத் தொகுத்துப் பிரசைகள் ஆணைக்குழு 2011இல் வெளியிட்ட அறிக்கையையும் கற்றல் வேண்டும். கீரிமலையார் வீட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை மடியிற் செருகிக்கொண்டு வெளியேறிய அதே ஆண்டில், ஒக்தோபர் மாத இறுதியிலே, யாழ்ப்பாண நகரின் சோனகதெருவார் சில மணித்தியால அவகாசத்தில் அனுப்பப்பட்டனர். அவர்களது சாவிகள் பற்றிய நூல்கள் நம் வாசிகசாலைகளில் எத்தனை உள என்பதை நூலகப் பொறுப்பாளர் எண்ணிப் பார்ப்பாராக.

பதிப்பு அற்றுப்போன ஈழத்து நூல்களை 2005 முதல் இயங்கிவரும் ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்திற் பணமின்றிக் கற்கலாம். ‘ஈழகேசரி’யின் பழைய இதழ்களையும் அங்கே தேடிப் பார்க்க.