மென்பொருள் வகுப்பும் வடிவமைப்புக் கல்வியும்

நம் ஊர்களில் கிராஃபிக் டிசைன் படிப்பது என்றால் போட்டோஷாப்பும் கோரல் டிராவும் கற்பது என்றே பலரும் நினைக்கிறார்கள். கணினியில் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளின் காலத்து டிடிபி வகுப்புகள் ஏற்படுத்திவிட்ட வழக்கம் இது. இதை மட்டமாகப் பேசுவோரோடு எனக்கு உடன்பாடு இல்லை. கல்லூரிக்குப் போக முடியாத எத்தனையோ பேருக்குச் சில மாதங்களில் ஒரு தொழிலைக் கொடுத்தவை இந்த வகுப்புகள்தாம். அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1961இலேயே வந்துவிட்டது. சிற்றூர் மாணவருக்கு அது எட்டவில்லை. தெருமுனை கம்ப்யூட்டர் சென்டர் எட்டியது.

ஆனால், எந்தக் கருவி எந்த மெனுவில் இருக்கிறது என்பதோடு அங்கே பாடம் முடிந்துவிடுகிறது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. இணையத்தில் ஃப்ளாஷ் அனிமேஷன்களை ஓட்டிய ஃப்ளாஷ் பிளேயருக்கு அடோபி 2020இன் இறுதியில் விடைகொடுத்தது. மெனுவை மட்டும் மனப்பாடம் செய்தவருடைய படிப்பும் அவற்றோடு காலாவதியாகிவிட்டது.

மெனுவுக்கு அப்பால் என்ன இருக்கிறது? கறுப்பு நிறத்தையே எடுத்துக்கொள்வோம். திரையில் கறுப்பு ஒன்றுதான். அச்சில் அது கறுப்பு மை ஒன்றாலும் வரலாம், நான்கு மைகள் கலந்தும் வரலாம். பொடி எழுத்தை நான்கு மையில் கொடுத்தால், ஒரு மைக்கான அச்சுத் தகடு இம்மியளவு விலகினாலும் எழுத்தின் ஓரம் நிறம் பிரிந்து மங்கும். தமிழுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கிலத்துக்கு வகுத்த வரி இடைவெளியில் தமிழை அப்படியே கொட்டினால், மேல்வரி ‘மூ’வின் சுழியும் கீழ்வரி ‘மீ’யின் கொக்கியும் முட்டிக்கொள்ளும். ஓவியர் ஆதிமூலம் இதழ்களுக்கும் நூல்களுக்கும் கையால் எழுதிய தலைப்புகளைப் பாருங்கள். எழுத்தின் கனமும் அதைச் சுற்றிய வெற்றிடமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். அந்தக் கண் எந்த மெனுவிலும் கிடைக்காது.

2013இல் வந்த கான்வா, ஆயத்த வார்ப்புகளைக் கடைக்காரரின் கைக்கே கொண்டுபோய்விட்டது. 2023இல் அடோபியே படம் உருவாக்கும் ஏஐ கருவியான ஃபயர்ஃபிளையை வெளியிட்டது. படத்தின் பின்னணியை வெட்டுவது, ஒரே விளம்பரத்தைப் பத்து அளவுகளில் மாற்றுவது போன்ற வேலைகளை இயந்திரம் நொடியில் முடித்துவிடுகிறது. அலுப்பான வேலைகள்தாம், ஒழியட்டும் என்று விட்டுவிட முடியவில்லை. டிசைன் கடையில் புதிதாகச் சேர்ந்த பையனும் பெண்ணும் அந்தச் சில்லறை வேலைகளைச் செய்தபடியேதான், மூத்தவர் ஏன் ஒரு வரியைத் தள்ளி வைக்கிறார், வாடிக்கையாளர் எதற்கு முகம் சுளிக்கிறார் என்பதையெல்லாம் கற்றார்கள். வகுப்பு விட்ட குறையைக் கடை ஈடுசெய்தது. தொழில்நுட்ப மாற்றத்தின் பெரிய இழப்பாக நான் கருதுவது இந்தப் பயிற்சி போனதைத்தான். இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

இப்போது ‘ஏஐ டிசைன்’ வகுப்புகள் வருகின்றன. கட்டளை வாக்கியங்களை மட்டும் சொல்லிக்கொடுத்தால், மெனுவை மனப்பாடம் செய்த அதே கோளாறு புதுப்பெயரில் தொடரும். ஒரே கட்டளைக்கு இயந்திரம் நான்கு படங்களைத் தருகிறது. அவற்றில் எது பொருந்தும், எது ஏன் பொருந்தாது என்று சொல்லத் தெரியாதவருக்கு நான்கும் ஒன்றுதான். கருவி தரும் படத்தில் தமிழ் எழுத்து உடைந்திருந்தால் அதைக் கண்டுபிடிக்கவும் எழுத்தறிந்த கண் வேண்டும்.

பணம் கட்டிச் சேருமுன் மாணவர்கள் வகுப்பு நடத்துபவரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: தமிழ் எழுத்தைக் கையால் வரையச் சொல்வீர்களா? அச்சகத்துக்கு அழைத்துப்போய் மை ஓடுவதைக் காட்டுவீர்களா? நாங்கள் செய்ததைச் சுவரில் மாட்டி, குறைகளை எங்கள் முன்னால் பேசுவீர்களா? மூன்றுக்கும் இல்லை என்றால் அங்கே சேராதீர்கள்.