ஊரின் செவியும் கங்கையின் வாழ்வும்: ஜெயகாந்தனின் இரு படைப்புகளில் சமூக அழுத்தம்

முன்னுரை

தனிமனிதரின் நம்பிக்கைகள் அவருடைய சொந்தச் சிந்தனையில் விளைந்தவை என்றே பொதுவாகக் கருதப்படுகின்றன. ஆயினும், ஒருவர் தம்மைப் பற்றிக் கொள்ளும் மதிப்பீடுகூடப் பல வேளைகளில் பிறர் கூறியதன் எதிரொலியாகவே அமைகிறது. இதனை நுட்பமாகக் காட்டும் புனைவுகளாக ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் சிறுகதையும் (1966), 1972ஆம் ஆண்டிற்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்ற ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்னும் நாவலும் (1970) விளங்குகின்றன. இவ்விரண்டையும் கற்பு பற்றிய விவாதமாக வாசிப்பதே பெருவழக்கு. ஊர் என்னும் கூட்டு மனம் தனிமனித மனத்தினுள் குடியேறும் முறையே இவற்றின் மையம் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்க முயல்கிறது.

ஒரே நிகழ்வு, இரு விளைவுகள்

இரு படைப்புகளும் ஒரே நிகழ்விலிருந்து கிளைக்கின்றன. மழைபெய்யும் மாலையில் பேருந்துக்குக் காத்துநிற்கும் கல்லூரி மாணவி, முன்பின் அறியாத ஒருவனின் காரில் ஏறுகிறாள். அவனது இச்சைக்கு ஆளாகி வீடு திரும்புகிறாள். நடந்ததைத் தாயிடம் கூறுகிறாள். சிறுகதையில் தாய் முதலில் கொதித்தெழுந்தாலும், பின்னர் மகளின் தலையில் நீரூற்றி, அவள் தூயவளே எனத் தேற்றுகிறாள். நாவலில் தாய் கனகம் அலறிவிடுகிறாள். செய்தி வெளியே பரவுகிறது. தமையன் கணேசன் தங்கை கங்கையை வீட்டைவிட்டு விரட்டுகிறான்.

இத்தாயருள் ஒருத்தி முற்போக்கானவள், மற்றவள் பழமைவாதி எனப் பிரிப்பது எளிது. ஆனால், பனுவல் அதற்கு இடந்தரவில்லை. சிறுகதைத் தாயும் அண்டைக் குடித்தனத்தார் வினவும்போது, மழையில் நனைந்து வந்ததற்காகவே மகளைக் கடிந்துகொள்வதாக மறைக்கிறாள். எவரிடமும் இதனைச் சொல்லலாகாது என்றும் மகளை எச்சரிக்கிறாள். மகள் தூயவள் என்பதில் அவளுக்கு ஐயமில்லை. ஊர் அதனை ஏற்காது என்பதிலும் ஐயமில்லை. ஆகவே, சிறுகதையில் ஊர் வெல்லப்படவில்லை. அதன் செவிக்குச் செய்தி எட்டவில்லை, அவ்வளவே. புரட்சிக் கதை எனப் போற்றியோரும், கேடான கதை எனத் தூற்றியோரும் இந்த மறைப்புக்கு உரிய கவனம் தரவில்லை எனலாம்.

அலர் சூட்டும் பெயர்

ஊர்ப்பேச்சின் ஆற்றலைத் தமிழ் அகமரபு நன்கறியும். முகிழ்த்த நிலையினை அம்பல் என்றும், மலர்ந்த நிலையினை அலர் என்றும் உரையாசிரியர் வேறுபடுத்துவர். அகப்பாடல்களில் தோழி அலரைச் சுட்டித் தலைவனை வரைவு கடாவுவாள். அவ்வகையில் அலர் திருமணத்திற்கும் வழிகோலும். கங்கையைச் சூழ்ந்த அலருக்கோ அத்தகைய முடிவில்லை. அது அவளுக்கு ஒரு பெயரைச் சூட்டி, அப்பெயருக்குள்ளேயே அவளை வாழச்செய்கிறது.

கங்கையைப் படிக்கவைத்த மாமா வெங்கட்ராமய்யர், ஊரின் தீர்ப்பைச் சாத்திர மொழியில் அவளுக்கு உரைப்பவர். அவள் ஒருவனுக்கு வைப்பாக இருக்கலாமேயன்றி மனைவியாக இயலாது என்பது அவர் வாதம். அத்தகைய அவரே அவள்மீது தகாத இச்சை கொண்டவர். அவரது போலித்தனத்தைக் கங்கை தெளிவாக அறிகிறாள். எனினும், அன்று தன்னைக் காரில் ஏற்றிச் சென்ற பிரபுவைத் தேடிக் காண அவரது சொல்லே அவளைத் தூண்டுகிறது. பிரபுவுடன் உடலுறவு இல்லாதபோதும், அவனுடைய வைப்பு எனப் பிறர் கருதுவதை அவள் மறுப்பதில்லை. அறிவு ஏற்காத ஒன்றை வாழ்க்கை ஏற்றுக்கொள்ளும் இந்நிலையை நாவல் மிகுந்த நுட்பத்துடன் காட்டுகிறது.

மாற்றுக் குரல் ஒன்று

உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களின் தொடக்கத்தில் நடத்திய சோதனைகள் இங்கு ஒப்புநோக்கத்தக்கன. கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் எளிய பணியில், குழுவினர் முன்னேற்பாட்டின்படி தவறான விடை கூறினர். சோதனைக்கு உட்பட்டோர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விடைகளில் குழுவோடு இசைந்தனர். ஆனால், குழுவில் வேறொருவர் மட்டும் சரியான விடையைக் கூறியபோது இவ்விணக்கம் பெரிதும் குறைந்தது. விடையை வாய்விட்டுக் கூறாமல் எழுதித் தந்தபோதும் குறைந்தது.

சிறுகதைத் தாய் அந்த ‘வேறொருவர்’ ஆவாள். கங்கைக்கு வீட்டிலேயே கிடைத்திருக்க வேண்டிய அக்குரல் கிடைக்கவில்லை. எனினும், இவ்வொப்புமைக்கு ஓர் எல்லை உண்டு. சோதனைக்கு உட்பட்டவர் சிறிது நேரத்தில் அறையைவிட்டு வெளியேறிவிடலாம். கங்கைக்கு வெளியேறும் வாயிலில்லை.

நாவலினுள் ஆர்.கே.வி. என்னும் எழுத்தாளர் ‘அக்கினிப் பிரவேசம்’ என்ற கதையை எழுதுவதும், அதனைப் படித்துக் கனகம் கலங்குவதும் குறிப்பிடத்தக்கன. 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்தபோது வாசகரின் கடும் எதிர்ப்பைச் சந்தித்த அதே கதை, இங்கு ஒரு தாய்க்கு மாற்றுக் குரலாக ஒலிக்கிறது. ஆனால், காலங்கடந்து ஒலிக்கிறது.

நாவலின் முடிவு விவாதத்திற்குரியது. திருமணத்தை மறுத்து, பிரபுவையும் இழந்து, கங்கை மதுவை நாடுகிறாள். கூட்டு மனத்தின் கொடுமைக்கு இது சான்றாகலாம். அதேவேளை, கெட்டவள் இப்படித்தான் ஆவாள் என்னும் ஊரின் கணிப்பை நாவலே மெய்ப்பித்துத் தருவதாகவும் வாசிக்க இடமுண்டு. இவ்விரண்டாம் வாசிப்பின் வாய்ப்பை ஆசிரியர் போதிய அளவு தடுக்கவில்லை என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

முடிவுரை

வகுப்பறையில் இப்படைப்புகளைக் கற்பிக்கும்போது, ‘தாய் செய்தது சரியா?’ என்று வாய்மொழியாகக் கேட்டால் முதலில் பேசியவரின் கருத்தே வகுப்பின் கருத்தாகிவிடுதல் கூடும். மாணவர் தத்தம் விடையை முதலில் எழுதி, அதன்பின் கலந்துரையாடுவது நன்று. ‘அவள் தூயவளா?’ என்ற வினாவோடு, ‘தாய் யாருடைய செவிக்கு அஞ்சினாள்?’ என்ற வினாவையும் அவர்கள்முன் வைத்தல் வேண்டும். முதல் வினா கங்கையை மட்டுமே விசாரிக்கிறது. இரண்டாம் வினா கேட்டுக்கொண்டிருக்கும் நம்மையும் விசாரிக்கிறது.