தாழிக்குள் கிடப்பவர்களும் வீலர் எழுதிய வீராம்பட்டினமும்

வீராம்பட்டினம் என்றால் படித்தவர்களுக்கு ரோமாபுரிதான் ஞாபகத்துக்கு வருகிறது. அகஸ்டஸ் தலை செதுக்கிய கல், இத்தாலிப் பானையோடு, ஒயின் ஜாடி. அந்தக் கல்லை 1937ல் ழுவோ துப்ரேயிடம் கொண்டுவந்து கொடுத்தது ஊர்ப் பிள்ளைகள் என்பார்கள். பிள்ளைகளின் பெயரை யார் கேட்டார்கள்? 1945ல் மார்டிமர் வீலர் அரிக்கமேட்டில் குழி போட்டார். 1946ல் வந்த அறிக்கையின் தலைப்பிலேயே 'இந்தோ-ரோமானிய வணிக நிலையம்' என்று முத்திரை குத்திவிட்டார்.

தலைப்பைக்கூட விட்டுவிடலாம். ரோமப் பேரரசின் எல்லைக்கு அப்பால் நடந்த வணிகத்தைப் பற்றி 1954ல் அவர் வெளியிட்ட நூலில் ஒரு சித்திரம் வருகிறது. கப்பல் வருவதற்கு முன் இங்கே யார் இருந்தார்கள்? சாதாரண மீன்பிடிச் சனங்கள். வலை வீசினார்கள், கிளிஞ்சல் பொறுக்கினார்கள், பனங்காய் கொண்டுவந்தார்கள், கொஞ்சம் நெல் போட்டார்கள், வயிற்றுக்கு மிஞ்சி எதற்கும் முனையாமல் காலம் தள்ளினார்கள். அப்புறம் திடீரென்று ஐயாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து மதுவும் விளக்கும் கண்ணாடியும் வந்து இறங்குகின்றன. இதுதான் அவர் கட்டமைக்கும் கதை. படித்தபோது எனக்கு எங்க ஊர் ஆண்டை வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்தது. "சோம்பேறிப் பசங்க, நாங்க வந்துதான் இவனுங்களுக்கு சோறுன்னா இன்னான்னு காட்டினோம்." வெள்ளைக்காரத் துரையும் உள்ளூர் ஆண்டையும் ஒரே மொழியில்தான் பேசுகிறார்கள்.

வீலர் மத்தியதரைக்கடல் சரக்கென்று எண்ணிய ரௌலெட்டட் பானையோடுகளின் மண்ணைப் பிற்பாடு ஆய்வுக்கூடத்தில் பார்த்தார்கள். இந்திய மண். அரிக்கமேட்டிலேயே கண்ணாடி மணி செய்தார்கள், அது கடல் தாண்டித் தென்கிழக்காசியாவுக்குப் போனது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தோண்டியபோது, ரோமச் சரக்கு வருவதற்கு வெகு முன்பே ஊர் இருந்தது தெரிந்தது. முனைப்பில்லாத சனங்கள் செய்த வேலைதான் இதெல்லாம்.

ஆனால் வீலரின் புத்தகம் அச்சேறுவதற்கு முன்பே அவருக்குப் பதில் தோண்டி எடுக்கப்பட்டுவிட்டது. பதில் சொன்னவர்கள் செத்தவர்கள். ழான்-மரி கசால் என்ற பிரெஞ்சுக்காரர் 1947-48ல் அரிக்கமேட்டில் தோண்டினார். அதோடு நிற்காமல் முத்திரப்பாளையம், சுத்துக்கேணி ஈமக்காடுகளையும் திறந்தார். 1956ல் பாரிசில் வந்த நூலில் நகரத்தையும் சுடுகாட்டையும் ஒன்றாக வைத்து எழுதினார். உயிரோடிருந்தவன் வீட்டையும் அவன் செத்து அடங்கிய இடத்தையும் சேர்த்துப் பார்த்தால்தானே மனுஷன் தெரிவான்? தாழி, கறுப்பு-சிவப்புப் பானை, இரும்பு, மணி, சுத்துக்கேணியில் தங்க நகை. அரிக்கமேட்டின் அடிமண்ணிலும் அதே கறுப்பு-சிவப்பு ஓடு. அந்த நூல் பிரெஞ்சில் கிடக்கிறது. வீலருடையது இங்கிலீஷில் இருப்பதால் பாடப்புத்தகத்துக்கு வந்துவிட்டது.

எம்.ஏ. தமிழ் வகுப்பில் புறநானூறு 256 நடத்தினார்கள். கணவனை இழந்தவள், தனக்கும் சேர்த்து இடமிருக்கும்படி அகலமாகத் தாழி செய்யச் சொல்லிக் குயவனைக் கேட்கும் பாட்டு. முதுபாலை, துறை, திணை எல்லாம் சொன்னார்கள். அந்தத் தாழி பஸ் ஏறிப் போனால் பார்க்கக்கூடிய தூரத்தில் மண்ணுக்குள் இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்குச் சொன்னது மண்வெட்டும் கூலியான என் மாமன்.

ஈமக்காடு என்றால் மேடாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்துபோவீர்கள். மேடாக இருப்பது பெரும்பாலும் ஊர் இருந்த இடம், அரிக்கமேட்டைப் போல. அங்கே சாம்பல், மீன்முள், செங்கல், சட்டிபானை எல்லாம் கலந்து கிடக்கும். செத்தவர்களை ஏர் ஓடாத சரளையிலும் செம்மண்ணிலும் வைத்தார்கள். சில ஊரில் மேலே கற்குவை, சுற்றிக் கல்வட்டம் உண்டு. கல்லைப் பெயர்த்து வீடு கட்டிய இடத்தில் அதுவும் இராது, தரை மொட்டையாக இருக்கும். மாமன் சொல்வார்: "மழ பேஞ்ச மறுநாள் போவணும். மண்ணு கரஞ்சி தாழி வாய் வட்டமா தெரியும். ஓடு வெரல் தடிமனுக்கு இருந்தா வூட்டுப் பான இல்ல. கடப்பாறை போட்டா ஒரு மாதிரி கும்முனு சத்தம் வரும், அத்தோட நிறுத்திப்புடணும்." உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாகச் சின்னக் கிண்ணத்துண்டு பக்கத்தில் கிடந்தால் சந்தேகமே வேண்டாம். கசடும் உருகிய மண்ணும் குவிந்திருந்தால் அது உலைமேடு, வேறு சங்கதி.

இதை எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. அவர் முதல் தாழியை உடைத்தபோது நிலத்துக்காரர், "பாண்டவர் குழிடா, மூடு" என்றாராம். கூலி வேலையில் கண்ணில் பட்டதை ஒரு சொல்லில் பாண்டவர்களுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. நாட்டுப்புறத்தில் இன்னொரு கதை உண்டு, மதமதக்கா தாழி. சாகாமல் சுருங்கிப்போன கிழவர்களை உள்ளே உட்காரவைத்து, சோறு வைத்து மூடினார்களாம். அந்தக் கதையில் அரசனும் இல்லை, அவதாரமும் இல்லை, வயசானவர்கள் மட்டும்தான். எனக்கு அது பிடிக்கும்.

நம் தோழர்களிடமும் ஒரு சண்டை இருக்கிறது. தாழியைப் பார்த்ததும் "இவன்தான் நம்ம பாட்டன்" என்று மேடையேறிவிடுகிறோம். எலும்பில் சாதி எழுதியிருக்காது. எல்லாத் தாழியிலும் தங்கமும் இல்லை, சாவிலும் பெரியவன் சின்னவன் அப்போதே இருந்திருக்கிறான். நாம் கேட்க வேண்டியது வேறு. சுடுவது, வெளியே இடுவது, குழியில் புதைப்பது, தாழியில் கவிப்பது எல்லாவற்றையும் மணிமேகலை ஒரே சுடுகாட்டில் காட்டுகிறது, ஒன்று உசத்தி ஒன்று மட்டம் என்று தட்டு வைக்காமல். அப்படியிருக்க, புதைக்கிறவன் தாழ்ந்தவன் என்று எப்போது ஆனது? வெட்டியான் வேலை யார் தலையில், எப்போது கட்டப்பட்டது?

2025 சனவரியில் சிவகளைத் தாழிக்காட்டு இரும்புக்கு 5,300 வருஷம் என்று அறிக்கை வந்தது. தமிழர் பெருமை என்று கொண்டாடினார்கள், சரி. தாழி வைத்தவனின் இரும்பு எல்லோருக்கும் வேண்டும். இன்று சேரிப் பிணம் ஊர்த்தெரு வழியாகப் போக மட்டும் கூடாது.

போன மழைக்காலத்தில் சங்கராபரணிக்கு வடக்கே ஒரு செம்மண் குழிக்குப் போனேன். மாமன் வேலை பார்த்த இடம். பக்கத்திலேயே சேரிச் சுடுகாடு, பாதி வெட்டிப் போய்விட்டது. பொக்லைன் வெட்டிய சுவரில் ஏழு தாழி எண்ணினேன். கூட வந்த வெட்டியான் பெரியப்பா "எட்டு" என்றார். எட்டாவது வெறும் கறுப்பு வளையம்தான். பானை லாரியில் போய்விட்டிருந்தது.