ஒட்டுத் தையலுக்கு என்ன விலை?

பழைய உடுப்பில் ஒட்டுத் தையல் தெரிந்தால் விலை இறங்கும். சுவிஸில் 'புறோக்கி' என்று அழைக்கப்படும் பழைய சாமான் கடைகளில் இதுதான் வழக்கம். நம் வீடுகளிலும் அம்மாவின் கூறைச் சேலையை விரித்தவுடன் கண் தேடுவது இழை விட்ட இடத்தைத்தான். இந்த அளவுகோல் பாதிதான் சரி.

பேர்ண் மாநிலத்து ரிக்கிஸ்பேர்க்கில் அபெக் அறக்கட்டளை இருக்கிறது. 1961இல் தொடங்கியது, பழந்துணிகளைக் காப்பதில் உலகப் பெயர் பெற்றது. அதன் துணிப் பட்டறையை வளர்த்தெடுத்த மெக்டில்ட் ஃப்ளூரி லெம்பேர்க் 2002இல் இத்தாலியின் தூரின் நகரத்தில் இருக்கும், இயேசுவின் உடலைச் சுற்றியதென நம்பப்படும் புனிதத் துணியில் கை வைத்தார். 1532இல் தீயில் கருகிய துணி அது. 1534இல் கன்னியர் அதற்குப் போட்டிருந்த ஒட்டுகள் ஏறத்தாழ முப்பதையும் அவர் பிரித்தெடுத்தார். பின்புறம் தாங்கிய துணியையும் மாற்றினார். கண்டனம் எழுந்தது: நானூறு வருடத்துக்கு மேலான ஒட்டும் வரலாறுதானே?

நியாயமான கேள்வி. ஆனால் ஒட்டுகளுக்கு அடியில் கரித்தூள் சேர்ந்து கிடந்தது. தையல் இழுத்த இடமெல்லாம் துணி சுருங்கியிருந்தது. காக்கப் போட்ட தையலே துணியை வருத்தியது. பிரித்தது சரி என்றே நினைக்கிறேன். வேலை முடிந்த பிறகுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது என்பது மட்டும் இன்னும் உறுத்துகிறது. பிரித்த தையலை யாரும் பழையபடி போட முடியாது அல்லவா?

அதே கண்ணோடு கூறைக்கு வருவோம். பட்டு முதலில் விடுவது மடிப்பில். கறுத்த சரிகையைத் தேய்த்தால் கறுப்போடு மேற்பூச்சுத் தங்கமும் போகும், விட்டுவிடுவதே மேல். நைந்த இடத்துக்கு அடியில் மெல்லிய பட்டு வைத்துத் தளர்வாகத் தைத்திருந்தால், சரிகைக் கரையின் கனத்தை அந்தப் பட்டு வாங்கிக்கொள்ளும். மேலாக இழுத்து இறுக்கிய நூலோ பக்கத்து இழையை அறுக்கும். பார்வைக்கு என்னவோ இரண்டாவதுதான் துப்புரவு!

சேலையை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். தையலைச் சுற்றிப் புதிய ஊசித் துளைகளாக வெளிச்சம் கசிந்தால் தாராளமாக விலையைக் குறையுங்கள். கசியாவிட்டால், ஒட்டு இருக்கிறது என்பதற்காக ஒரு பிராங்க்கூடக் குறைக்க வேண்டியதில்லை.